மொட்டை மாடிக் கிழங்குச் செய்கை

மனிதரில் சில இனங்களை நீங்கள் நன்றாக அறிவீர்கள். நன்றியுரை சொல்ல எழுந்து தலைமையுரையைவிட நீளமாகப் பேசுபவர், செத்தவீட்டில் சமையல்காரருக்கு உப்பின் அளவு சொல்லிக் கொடுப்பவர், மருந்துக் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவரின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து மருந்தை மாற்றச் சொல்பவர். இவர்களுக்குப் பக்கத்தில் இன்னோர் இனத்துக்கும் கதிரை போட வேண்டிய காலம் வந்துவிட்டது. அவர்தான் முதற்பயிர்க்காரர். வாழ்நாளில் ஒரே ஒரு பயிரை, முதல் தடவையாக, இப்போதுதான் நட்டிருப்பவர். போன கிழமைவரை வெண்டிக்காய் செடியில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்று அவருக்குத் தெரியாது. இந்தக் கிழமை அவர் விவசாயி.

அவரை அடையாளம் காண்பது மிகச் சுலபம். சுகமா என்று கேட்டுப் பாருங்கள்; முளை வந்துவிட்டது என்பார். அவருடைய தொலைபேசியில் பேரப்பிள்ளையின் படத்தைத் தேடினால் ஐம்பது இலைகளைத் தாண்டித்தான் பிள்ளையிடம் போகலாம். உங்கள் வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், குப்பைக் கூடையைப் பார்ப்பார். போகும்போது உங்கள் தேயிலைச் சக்கையும் முட்டைக் கோதும் வாழைப்பழத் தோலும் அவருடன் போய்விடும். மழை பெய்தால் "எங்களுக்கு இது கூடாது" என்பார். யாருக்கு? கமக்காரருக்கு. அவர்களோடு அவர் எப்போது சேர்ந்தார் என்று கேட்கிற துணிவு யாருக்கு இருக்கிறது?

இந்த இனத்தில் ஒரு நல்ல மாதிரி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் வசிக்கிறது. பெயர் சிவபாதசுந்தரம். ஒரு திணைக்களத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அங்கே மின்விசிறிகூடத் திருத்தப்படாது என்று ஒரு காலம் இருந்தது. ஓய்வு பெற்றதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மகன் கனடாவிலிருந்து கதைத்தால் "அம்மாவிட்டைக் குடுங்கோ" என்கிறான். லிஃப்டில் சந்திக்கிறவர்கள் எத்தனையாம் மாடி என்று மட்டும் கேட்கிறார்கள். அவருக்கு இது மெத்த வலித்தது. சிரிக்கிறபோதும் இதை மறக்க வேண்டாம். முதற்பயிர்க்காரர் பெரும்பாலும் இப்படி ஒரு வலியிலிருந்துதான் முளைக்கிறார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் அவருடைய மனைவி நாகேஸ்வரி முளைவிட்ட உருளைக்கிழங்கு ஒன்றைக் குப்பையில் போடப் போனார். சிவபாதசுந்தரம் கையைப் பிடித்துத் தடுத்தார். அன்று பின்னேரம் முழுவதும் யூடியூப் பார்த்தார். முளைக்கு ஒரு துண்டாகக் கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தில் சாம்பல் பூசி நட வேண்டும் என்று ஒரு தாடிக்காரர் சொன்னார். காஸ் அடுப்பில் சமைக்கிற தொடர்மாடியில் சாம்பலுக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த ஒரே சாம்பல் சாமியறையில் இருந்தது. நாகேஸ்வரி குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, நல்லூரிலிருந்து வந்த திருநீறு முழுவதையும் பூசிக்கொண்டு கிழங்குத் துண்டுகள் தட்டிலே வரிசையாக இருந்தன. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்தது மண். இங்கேதான் நம்மவர் ஒரு யாழ்ப்பாணத்தார் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டார். கொழும்பு மண்ணில் கிழங்கு வராது என்று எல்லோரும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் வருகிறதே, அப்படியானால் வேண்டியது யாழ்ப்பாணத்து மண்தானே என்று அவர் முடிவு கட்டினார். மார்கழிப் பனியில் அங்கே மண் குளிர்கிறது, வெள்ளவத்தையில் அந்த மாதத்திலும் இரவு முழுக்க மின்விசிறி சுற்றுகிறது என்பது அவர் கணக்கில் வரவில்லை. சுன்னாகத்தில் இருக்கும் மைத்துனருக்குக் கதைத்தார். ஐந்து உரப்பைகளில் செம்மண் இரவு பஸ்ஸில் ஏறி, விடிய காலி வீதியில் வந்து இறங்கியது. முருங்கைக்காயும் மாம்பழமும் பனம்பழப் பினாட்டும் ஏற்றிப் பழகிய பஸ்காரப் பெடியன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன அரிசியா என்று கேட்டான். மண் என்றார் இவர். அவன் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையை மிகவும் மெதுவாகக் கீழே வைத்தான்.

பைகளை வைக்க மொட்டை மாடி வேண்டும். மொட்டை மாடியில் ஏற்கெனவே ஒரு கொடிக்கயிறு இருந்தது. இரண்டாம் மாடி மஹ்ரூப்பின் வீட்டு உடுப்புகள் காய்கிற கயிறு. வெயில் படுகிற இடம் அது ஒன்றுதான். தொடர்மாடிக் கூட்டத்தில் சிவபாதசுந்தரம் எழுந்து நாட்டின் உணவுப் பாதுகாப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கயிறு தோற்றது. பிள்ளைகுட்டிக்காரன் உடுப்பை எங்கே காயப்போடுவது என்று மஹ்ரூப் கேட்டார். அதற்குத்தான் நம்மவர் அந்த வாக்கைக் கொடுத்தார்: தைப்பூசத்தன்று இங்கேயே புதிர். அறுவடையான புது நெல்லை எடுத்துச் சமைத்து உண்கிற அந்தச் சடங்கை அவர் கிழங்குக்கு மாற்றிவிட்டார். அன்று தொடர்மாடி முழுவதற்கும் தன் கிழங்கிலே கறி. கிழங்கு வராவிட்டால் பைகளைத் தானே தூக்கிவிட்டுக் கயிற்றைத் தன் கையால் கட்டித் தருவார். அதன் பிறகு கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள் கடைக் கிழங்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டார். எங்களுடையது வருகிறபோது பிறத்தியார் கிழங்கு எதற்கு? நாகேஸ்வரி தோசைக்கும் பூரிக்கும் வாழைக்காயை வைத்துச் சமாளித்தார். சந்தையில் கிழங்குக் கடைக்காரரிடம் நின்று, உங்கள் கிழங்கில் லொறி வாசம் அடிக்கிறது, இது மண்ணைப் பார்த்துப் பல மாதம் இருக்கும் என்று விளக்கம் சொல்வது சிவபாதசுந்தரத்தின் காலைக் கடமைகளில் ஒன்றாயிற்று. அவரைக் கண்டால் கடைக்காரர் கிழங்கைச் சாக்கால் மூடத் தொடங்கினார்.

தொடர்மாடியின் காவலாளி பழனிமுத்துவின் கதை இன்னும் பரிதாபம். அவர் மலைநாட்டுக்காரர் என்பதால் அவருக்குக் கிழங்குச் செய்கை தெரியாமல் இருக்க முடியாது என்று சிவபாதசுந்தரம் முடிவெடுத்துவிட்டார். "ஐயா, நான் பொறந்ததுதான் தலவாக்கலை. மூணு வயசுல மருதானைக்கு வந்துட்டேங்க. அச்சகத்துலதான் வேலை பாத்தேன்" என்று அவர் பல தடவை சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அடக்கம் என்று சிவபாதசுந்தரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் அவரும் மனம் இரங்கி, கேட்டதற்கெல்லாம் வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் கூடவா குறையவா என்றால் பாத்து ஊத்துங்க என்பார். மண் அணைப்பதா வேண்டாமா என்றால் அணைச்சாலும் நல்லதுங்க என்பார். சிவபாதசுந்தரம் இவற்றை ஆழமான அனுபவ வார்த்தைகளாக மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

செடி வளர்ந்தது. அதில் குறை சொல்ல முடியாது. சூட்டுக்கு இலை தழைத்துத் தண்டு நீண்டு, தாங்குகோல் கேட்கிற உயரத்துக்குப் போனது. ஒவ்வொரு நாளும் காலையில் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் அதன் படம் வந்தது. மழை இருட்டினால் மற்றவர்கள் உடுப்பெடுக்க ஓட, இவர் ஐந்து குடைகளோடு ஓடினார். ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் மேனுகா, கணினி நிறுவனத்தில் வேலை செய்கிற பெண், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பச்சை இதயம் அனுப்பினாள். அவள் ஒருத்தியாவது அனுப்புகிறாளே என்று இவருக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆனால் இந்த இனத்துக்கு ஒரு நோய் உண்டு: விரல் சும்மா இராது. கிழங்கு பெருத்துவிட்டதா என்று மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பது. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, விருந்தாளி வந்தால் இன்னொரு தடவை. மார்கழி பிறந்தும் விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கையை மணிக்கட்டுவரை விட்டார். வேர்தான் வந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. குளிர் போதாது என்று யூடியூப் தாடிக்காரர் சொல்ல, பிறிட்ஜிலிருந்த ஐஸ் கட்டி முழுவதும் மொட்டை மாடிக்குப் போனது. அதுவும் போதாமல் ஒரு பையைப் படுக்கையறைக்குள் இழுத்து வந்து ஏ.சி. போட்டார். மூன்று நாள் நாகேஸ்வரி போர்வைக்கு மேல் போர்வை போட்டுக்கொண்டு ஒரு மூட்டை சுன்னாகத்து மண்ணின் பக்கத்தில் படுத்திருந்தார். நாலாம் நாள், அறையில் ஒன்று பை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தான் இருக்க வேண்டும் என்றார். சிவபாதசுந்தரம் சற்று யோசித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

பை மாடிக்குத் திரும்பியது. தைப்பூசம் நெருங்கியது. கூட்டத்தில் கொடுத்த வாக்கு இரவில் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கயிற்றைக் கட்டிக் கொடுப்பது பெரிதல்ல. இனிமேல் லிஃப்டுக்குள் எப்படி ஏறுவது? யாரும் எதையும் கேட்காத மனிதராக இருப்பது கொடுமை என்றால், எல்லோரும் "கிழங்கு என்னாச்சு" என்று மட்டும் கேட்கிற மனிதராக இருப்பது அதைவிடக் கொடுமை. அந்த வெட்கத்தை அவரால் தாங்க முடியாது. அது அவருக்குத் தெரியும்.

பூசத்துக்கு முதல் நாள் வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். வெள்ளவத்தைச் சந்தையில் அவர் முகத்தைக் காட்ட முடியாது. கிருலப்பனையில் ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள். ஆகவே பொரளைச் சந்தை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சிங்களத்தில், மண் ஒட்டிய கிழங்காகப் பார்த்து ஒரு கிலோ கேட்டார். கடைக்காரர் மரியாதையாக மண்ணைத் தட்டித் துடைக்கப் போக, "எப்பா மல்லி, எப்பா", வேண்டாம் தம்பி என்று பதறிப்போய்த் தடுத்தார். கிழங்கு எக்ஸ்றேப் படம் போடுகிற பெரிய உறைக்குள் வீடு வந்தது. மத்தியானம் தொடர்மாடி உறங்குகிற நேரம் பார்த்து, முதலாவது பையின் மண்ணுக்குள் அதைத் தாட்டார். ஒரு பை போதும். அதை மட்டும் எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டிவிட்டு, மற்றவை இன்னும் முற்றவில்லை என்று சொல்லிவிடலாம். நல்ல திட்டம்தான்.

பூசத்தன்று காலை மொட்டை மாடி நிறைந்துவிட்டது. நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, தேங்காய் உடைத்து, சிவபாதசுந்தரம் மண்ணும் மனிதனும் என்ற பொருளில் சிறிது பேசிவிட்டு முதலாவது பையைப் பாயில் கவிழ்த்தார். கிழங்கு உருண்டது. சனம் ஆரவாரித்தது. அவர் கண்ணில் நீர் வந்தது. பொரளைக் கிழங்கென்பது அந்தக் கணத்தில் அவருக்கே மறந்துவிட்டது. மற்றவை இன்னும் முற்றவில்லை என்று அவர் தொடங்குமுன்பே மஹ்ரூப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "சேர், ஒண்டக் கொட்டிட்டு மத்தத வெச்சிட்டு ஈக்கிறதா? எல்லாத்தயும் கொட்டுங்க" என்றார். யார் யாரோ கை கொடுத்தார்கள். தடுக்கப் போன சிவபாதசுந்தரத்தை வயது போனவர் களைத்துவிடுவார் என்று கதிரையில் இருத்திவிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆரவாரம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். இரண்டாவது பையிலிருந்து சிவத்தத் தோல் கிழங்கு கொட்டிக் கிடந்தது. மூன்றாவது பையிலிருந்து புரியாணியில் போடுகிற முழங்கையளவு பெரிய கிழங்கு, கழுவித் துடைத்த மாதிரி. நாலாவது பையிலிருந்து எல்லாம் ஒரே அளவாக, ஒன்றில் சுப்பர்மாக்கெட் விலைத்துண்டு ஒட்டியபடி. ஐந்தாவது பையைக் கவிழ்த்தபோது வந்தது உருளைக்கிழங்கே அல்ல. வற்றாளை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

சிவபாதசுந்தரம் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்கு நாகேஸ்வரி முன்பெல்லாம் வாங்கியது சிவத்தக் கிழங்கு. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹ்ரூப் மூன்றாவது பையைத் தவிர எல்லாவற்றையும் வியப்போடு பார்த்தார். மேனுகா கீழே குனிந்து எதையோ சட்டென்று நகத்தால் சுரண்டினாள். பழனிமுத்து, கடையில் வேறு கிழங்கு மிஞ்சியிராத மனிதரின் முகத்தோடு, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றார். ஆளுக்கொரு பையை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று கேட்கிறீர்களா? அவரவர் வந்து போகிற வழியில் எந்தப் பை நின்றதோ அந்தப் பை. இந்தத் தொடர்மாடியில் மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை என்பது மட்டும் அப்போது அவருக்கு விளங்கியது. கயிறு திரும்பக் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டிய மஹ்ரூப்புமா?

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் உண்மை வெளியே வந்திருக்கும். முதற்பயிர்க்காரர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். சுன்னாகத்துச் செம்மண்ணில் உள்ள இரும்புச் சத்து கொழும்பின் கடற்காற்றோடு கலக்கும்போது ஒரே விதையிலிருந்து பல வகை பிறப்பது உண்டு என்றும், வற்றாளை அதன் உச்சக் கட்டம் என்றும் விளக்கினார். பதவியில் இருந்த காலத்திலும் அவர் பேச்சை இப்படி மூச்சு விடாமல் ஒருவரும் கேட்டதில்லை. நாலு பேர் மற்றவர்களைவிட வேகமாகத் தலையாட்டினார்கள். கறி சமைத்தார்கள், வற்றாளை அவித்தார்கள், சாப்பிட்டார்கள். மண்ணை அள்ளியபோது அதற்குள் நெல்லிக்காய் அளவில் கிடந்த மூன்று உண்மையான உருளைக்கிழங்குகளைக் கல்லென்று நினைத்துப் பழனிமுத்து கூட்டித் தள்ளினார்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த கிழமை ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் மஹ்ரூப். கதவைச் சாத்திவிட்டு, மூன்றாவது பைக் கிழங்கு தான் வைத்தது என்றும், சேர் சபையில் அவமானப்படுவதைப் பார்க்க மனம் வரவில்லை என்றும், ஆனால் மற்ற நாலு பையிலும் அப்படி விளைந்ததைக் கண்ட பிறகு தனக்கு வெட்கமாகிவிட்டது என்றும் சொன்னார். போகிறபோது சுன்னாகத்து மைத்துனரின் நம்பரைக் கேட்டு வாங்கினார். பிறகு மேனுகா வந்தாள், அதே கதை; அவளுக்கு இரண்டு பை மண் போதுமாம். பழனிமுத்து வந்து வாசலிலேயே நின்றார். ஐயாவுக்குக் கிழங்குச் செய்கை இவ்வளவு தெரியும் என்று தெரியாமல் தான் ஏதேதோ உளறிவிட்டதாகச் சொல்லித் தலையைச் சொறிந்தார். தன்னுடையதைத் தவிர மற்ற நாலும் மண்ணில் விளைந்தது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். சிவபாதசுந்தரம் மூவரையும் மன்னித்தார். மஹ்ரூப்பின் மனைவியின் கயிறு கிடந்த இடத்தில் இப்போது மஹ்ரூப்பின் பைகளே நிற்கின்றன.

கடைசியாக நாகேஸ்வரி. கிழமை முழுக்க அவர் அதிகம் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முன்னால் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, கோவிக்கக் கூடாது. அந்தச் சிவத்தக் கிழங்கு நான் தாட்டது. நாலு பேருக்கு முன்னாலை நீங்கள் தலை குனியக் கூடாதெண்டுதான் செய்தனான். ஆனால் நீங்கள் முதல் பையைக் கொட்டேக்கை எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. உண்மையாவே விளைஞ்சிருக்கு. இவ்வளவு காலமும் உங்களோடை இருந்தும் நான் உங்களை நம்பாமல் விட்டிட்டன்."

முதல் பை. உண்மை சிவபாதசுந்தரத்தின் நாக்கு நுனிவரை வந்தது. பொரளை என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு உதடு கூடக் குவிந்தது. அப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஓய்வு பெற்ற நாளுக்குப் பிறகு அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவ்வளவு மதிப்பும் அவ்வளவு வருத்தமும் ஒன்றாக இருந்த முகம்.

"பரவாயில்லை," என்றார் பெருந்தன்மையோடு. "எல்லாருக்கும் உடனை நம்பிக்கை வராது. கமம் எண்டால் அப்பிடித்தான். நான் ஒண்டும் மனதிலை வைக்கேல்லை."

நாகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய கோப்பைக்குள் இன்னும் கொஞ்சம் சீனி போட்டார்.

சீ, என்ன மனிதர் இவர் என்கிறீர்களா? நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள். கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தகுதியில்லாத ஒரு மதிப்போடு உங்களை உற்றுப் பார்த்த ஒருவரை நீங்கள் கடைசியாகத் திருத்தியது எப்போது? நினைவுக்கு வரவில்லையென்றால் வருந்த வேண்டாம், நீங்கள் தனியாள் இல்லை. எங்கள் இனத்தில் சேர ஒரு செடிகூட நட்டிருக்க வேண்டியதில்லை. உங்களை நம்புகிற ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.